பதினாறு வயதும் இன்சுலின் ஊசியும்

ஜேர்மனியில் முதலாம் வகை நீரிழிவு கண்ட சிறுவர்களுக்கு வழங்கப்படும் ஊனமுற்றோர் அடையாள அட்டையில் 'எச்' என்னும் எழுத்துப் பொறிக்கப்படுவதுண்டு. பிறர் துணையின்றித் தன் அன்றாடத்தை நடத்த இயலாதவர் என்பது அதன் பொருள். பிள்ளைக்குப் பதினாறு வயது நிறைவெய்தியதும் அவ்வெழுத்துப் பொதுவாக நீக்கப்பட்டு விடுகின்றது. இனித் தன் நோயைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று சட்டம் கருதுகின்றது. இதே நாட்டில் இதே பதினாறு வயதில்தான் கடைக்குச் சென்று பியர் வாங்கவும் சட்டம் இடமளிக்கின்றது. இவ்விரண்டு அனுமதிகளும் ஒரே பிறந்தநாளில் ஒரு பிள்ளையின் கையில் வந்து சேர்வதை எண்ணிப் பார்க்க வேண்டுகின்றோம்.

கொலோனிலும் அதனைச் சூழ்ந்த நகரங்களிலும் வாழும் எம்மவர் குடும்பங்களில் இந்நோயுடன் வளரும் பிள்ளைகள் உள்ளனர். அவர்களைப் பற்றி வெளியே எவரும் கதைப்பதில்லை. கதைக்கும்போதும் பெற்றோர் சொல்வது ஒன்றுதான்: "சின்னனில் எல்லாம் ஒழுங்காய்ச் செய்த பிள்ளை, இப்ப ஒண்டிலும் அக்கறை இல்லை." சோம்பல் என்கின்றனர், கூடாத சேர்க்கை என்கின்றனர், இந்நாட்டுப் பழக்கம் என்கின்றனர். இத்தீர்ப்பை நாம் ஏற்கவில்லை. அதற்கான காரணங்களைச் சொல்லவே இதனை எழுதுகின்றோம்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கவேண்டும். எமது சமூகத்தில் 'சீனி வருத்தம்' அறியாத வீடில்லை. அப்பாவுக்குண்டு, பெரியம்மாவுக்குண்டு, ஊரில் ஆச்சிக்கும் இருந்தது. ஆனால் அது பெரும்பாலும் இரண்டாம் வகை. அங்கே உடலில் இன்சுலின் சுரக்கின்றது. அது போதுமானதாக இல்லை, அல்லது சரிவர வேலை செய்யவில்லை. முதலாம் வகை முற்றிலும் வேறானது. உடலின் காவற்படையே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் கலங்களை எதிரியெனக் கருதி அழித்துவிடுகின்றது. இனிப்புத் தின்றதால் வந்ததன்று. தாய் கவனியாமல் விட்டதால் வந்ததுமன்று. பாகற்காய்ச் சாறும் வெந்தயத் தண்ணீரும் அழிந்த கலங்களை மீட்டுத் தரா. இரண்டாம் வகைக்காரரான மாமா ஒருவர், நடந்து திரிந்து உணவைக் குறைத்து மருந்தை விட்ட கதையை ஒரு பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அறிவுரையாகச் சொல்வது அறியாமை மட்டுமன்று, ஆபத்துமாகும். இப்பிள்ளை இன்சுலினை நிறுத்தினால் ஒரு நாளுக்குள்ளேயே இரத்தம் அமிலமாகத் தொடங்கும். கடும் தாகம், வயிற்றுவலி, வாந்தி, மூச்சில் பழவாடை ஆகியன அதன் அறிகுறிகள். வயிற்றுப் பிரட்டல் என்று எண்ணித் தேசிக்காய்த் தண்ணீர் கொடுத்துப் படுக்கவிட்டால் உயிர் போகவும் கூடும்.

இனி அக்கறையின்மை என்னும் குற்றச்சாட்டுக்கு வருவோம்.

பருவமடையும் வயதில் வளர்ச்சிக்கான சுரப்புகள் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. 1986 இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதனை அளந்து காட்டினர். நேற்றுவரை போதுமாயிருந்த அளவு இன்று போதாது. அதே ஊசி, அதே சாப்பாடு, அதே கவனம். எனினும் காலையில் இலக்கம் ஏறி நிற்கும். இதனை அறியாத தகப்பன், "இரவு களவாய் என்ன சாப்பிட்டனி?" என்று கேட்கின்றார். களவு செய்யாத பிள்ளை ஒரு தடவை மறுக்கும், இரு தடவை மறுக்கும். மூன்றாம் தடவை, எப்படியும் கள்ளப்பட்டம்தானே என்று உண்மையிலேயே களவாக உண்ணத் தொடங்கும்.

1993 இல் வெளிவந்த பெரும் அமெரிக்க, கனடிய ஆய்வொன்றை வைத்தியர்கள் இன்றும் எடுத்துக்காட்டுவர். 1,441 பேர் அதில் பங்குகொண்டனர். இரத்தச் சீனியை இறுக்கமாகப் பேணியவர்களில் கண்நோய் தோன்றும் ஆபத்து 76 வீதம் குறைந்தது என்பதே அதன் புகழ்பெற்ற முடிவு. பலர் சொல்லாமல் விடும் பகுதி ஒன்றும் அதிலுண்டு. அவ்வாய்வில் 195 பேர் பதின்மூன்று முதல் பதினேழு வயதுக்குட்பட்டோர். சிறந்த வைத்தியர்களும் தாதியரும் இடையறாது தொடர்பில் இருந்தனர், செலவுக்குக் குறைவில்லை. அப்படியிருந்தும் அவ்விளையோரின் சராசரி அளவு, அதே கவனிப்பைப் பெற்ற முதிர்ந்தோரின் அளவைவிட ஏறக்குறைய ஒரு புள்ளி கூடுதலாகவே நின்றது. உலகின் தேர்ந்த குழுவினரால் முடியாததை, இரவு வேலைக்குப் போய்வரும் தாயும் தகப்பனும் அதட்டி முடித்துவிட எண்ணுவது நியாயமா? அதேவேளை அக்காலத்தில் எடுத்த முயற்சி வீண்போகவில்லை என்பதையும் அவ்வாய்வின் தொடர்ச்சி காட்டிற்று. பிற்காலத்தில் இரு குழுவினரின் அளவுகளும் ஒன்றாகிய பின்னரும், முன்னர் நன்றாகப் பேணியவர்களின் கண்ணும் சிறுநீரகமும் நெடுங்காலம் காக்கப்பட்டே வந்தன.

இன்சுலின் முதன்முதலாக ஏற்றப்பட்ட மனிதரும் ஒரு பதின்மவயதினரே என்பதைப் பலர் அறியார். 1922 ஜனவரி 11 ஆம் திகதி, ரொறன்ரோ பொது வைத்தியசாலையில், லெனாட் தொம்சன் என்ற பதினான்கு வயதுச் சிறுவனுக்கு அது ஏற்றப்பட்டது. அக்காலத்தில் இந்நோய்க்கு இருந்த ஒரே வைத்தியம் பட்டினி. எலும்பும் தோலுமாகக் கிடந்த அச்சிறுவனுக்கு முதல் ஊசி பலனளிக்கவில்லை. பன்னிரண்டு நாட்களின் பின், மேலும் தூய்மையாக்கப்பட்ட மருந்து பலித்தது. பதின்மூன்று ஆண்டுகள் அவர் கூடுதலாக வாழ்ந்தார். பாடசாலையில் பண்டைய மன்னர்களின் போர்களைப் படிக்கும் எமது பிள்ளைகளுக்கு இப்பெயரையும் சொல்லிக் கொடுக்கலாம்.

இன்னொரு வரலாறு எம்மைப் போன்ற ஏதிலிகளுக்கு இன்னும் நெருக்கமானது. நாசிகளிடமிருந்து தப்பிப் பிராக் நகரை விட்டு வெளியேறிய ஈவா சக்ஸ்ல் என்ற யூத இளம்பெண் கணவருடன் ஷங்காய் சென்று சேர்ந்தார். அங்கே இருபது வயதளவில் அவருக்கு இந்நோய் வந்தது. 1941 டிசம்பரின் பின் யப்பானியப் படையினரின் பிடி இறுகவே, மருந்துக்கடைகளில் இன்சுலின் இல்லாமற்போயிற்று. கறுப்புச் சந்தை மருந்தை நம்பி உயிரிழந்தோரும் உண்டு. கணவனும் மனைவியும் ஒரு மருத்துவப் பாடநூலை வைத்துக்கொண்டு, எருமையின் கணையத்திலிருந்து தாமே இன்சுலின் வடித்தனர். முயல்களில் பரிசோதித்தனர். பின்னர் அந்த மண்ணிற மருந்தை ஈவா தமக்கே முதலில் ஏற்றிக்கொண்டார். நூற்றுக்கணக்கானோர் அதனால் போர் முடியும்வரை உயிர்தரித்தனர். அவர் 2002 இல் காலமானார்.

1990 இன் பின் மின்சாரமும் இன்றி, பொருளாதாரத் தடையால் மருந்துகளும் அரிதாகிய யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்கு இக்கதையை விளக்க வேண்டியதில்லை. குளிரூட்டி இல்லாத வீட்டில் ஈரமணலுள் வைத்த மண்பானைக்குள் மருந்துக் குப்பியைக் காத்தவர்கள் எம்மிடையே உள்ளனர். ஆயினும் இவ்வரலாற்றை எடுத்துக்கொண்டு, "நாங்கள் பட்ட கஷ்டம் உனக்குத் தெரியுமா? உனக்கு எல்லாம் கைக்கெட்ட இருக்குது" என்று பிள்ளைமீது வீசுவோருக்கு ஒன்று சொல்வோம். தட்டுப்பாட்டை வெல்வதற்கு ஒருவகை வீரம் போதும். தட்டுப்பாடே இல்லாத நாட்டில், ஒவ்வொரு நாளும், எவரும் பாராட்டாத நிலையில், ஐந்தாறு தடவை கணக்குப் பார்த்து ஊசி ஏற்றுவதற்கு வேண்டியது வேறு. அதற்கு விடுமுறை கிடையாது. சனி, ஞாயிறு கிடையாது. சோதனை நாளன்றும், காதல் முறிந்த நாளன்றும் அது உண்டு. களைத்துப் போகாதவர் எவருமிலர்.

எமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில், பிள்ளையின் மேற்கையில் ஒட்டியிருக்கும் உணரி காட்டும் இலக்கம் தாயின் கைத்தொலைபேசிக்கும் வந்து சேர்கின்றது. நல்ல கருவிதான், 2016 இலிருந்து இத்தகைய தொடர் அளவீட்டுக் கருவியைச் சட்டமுறைக் காப்புறுதிகள் ஏற்கின்றன. இரவில் பிள்ளை மயங்கிப் போகுமோ என்று விழித்திருந்த தாய்மாருக்கு அது பெரும் ஆறுதல். ஆனால் உணவகச் சமையலறையில் நின்றபடி அத்தாய் பகல் பதினொரு மணிக்கு இலக்கத்தைப் பார்க்கின்றார். உடனே வகுப்பறையில் இருக்கும் மகளுக்கு அழைப்பு எடுக்கின்றார். மாலையில் மகள் வீடு வந்ததும் முதற்சொல்லும் அதுவே. மகள் ஒருநாள் சொன்னாளாம்: "அம்மா, நான் எப்பிடி இருக்கிறன் எண்டு ஒருநாளும் கேக்கிறியள் இல்லை. எத்தினை எண்டுதான் கேக்கிறியள்." மறுவாரம் அவள் உணரியையே கழற்றி வைத்துவிட்டாள்.

இதனைத் திமிர் என்று கொள்வாரும் உளர். நாம் அங்ஙனம் கொள்ளோம். பல்லாண்டு விரிவுரை மண்டபத்தில் நின்ற அனுபவத்தில் சொல்கின்றோம்: ஒவ்வொரு நாளும் பரீட்சை வைத்து, ஒவ்வொரு நாளும் புள்ளியைச் சபையில் வாசித்தால், மிகத் திறமையான மாணவனும் வகுப்புக்கு வராமல் நின்றுவிடுவான். இரத்தச் சீனியின் அளவு பரீட்சைப் புள்ளியன்று. அது வழிகாட்டும் பலகை. "கொலோனுக்கு இன்னும் 40 கிலோமீற்றர்" என்ற பலகையைப் பார்த்து எவரும் வெட்கப்படுவதில்லை.

அதற்காகப் பெற்றோர் விலகிக்கொள்ள வேண்டும் என்பதும் எமது கருத்தன்று. 'எச்' எழுத்துப் போய்விட்டது, இனி உன் பாடு என்று விடுவதே மிகப்பெரிய தவறு. பொஸ்ரனிலுள்ள ஜொஸ்லின் நீரிழிவு நிலையத்தில் பார்பரா அன்டர்சன் என்ற உளவியலாளரும் அவரது தோழர்களும் 1990களில் செய்த ஆய்வுகள் இதனைத் தெளிவாக்கின. தாய்தந்தையர் வேலையைப் பங்கிட்டுக்கொண்டு, அதேவேளை குற்றஞ்சாட்டாமல் இருந்த வீடுகளில் சண்டையும் குறைந்தது, அளவும் கெடவில்லை. பங்கிடல் என்பது பெரிய வித்தையன்று. மருந்துச் சீட்டு எடுப்பதும், ஊசிமுனை முடிந்துவிட்டதா என்று பார்ப்பதும், காப்புறுதிக்குக் கடிதம் எழுதுவதும் தகப்பனின் வேலையாகலாம். மிகவும் களைத்த ஒரு நாளில், "இண்டைக்குக் கணக்கை நான் பாக்கிறன், நீங்கள் சாப்பிடுங்கோ" என்று தாய் சொல்லலாம். நாம் அறிந்தவரையில், பிள்ளையை மறுபடி எழுந்து நிற்கச் செய்வது இத்தகைய ஒரு மாலைப்பொழுதே; நீண்ட அறிவுரையன்று.

எமது குடும்பங்களுக்கே உரிய சிக்கல் ஒன்று இங்குண்டு. வைத்தியரின் அறையில் மொழிபெயர்ப்பவர் யார்? நோயாளியான பிள்ளையே. டொக்ரர் ஜேர்மன் மொழியில் சொல்வதைப் பிள்ளை தமிழில் பெற்றோருக்குச் சொல்கின்றது. எதைச் சொல்வது, எதை விடுவது என்பது அதன் கையில். பதினான்கு வயதில் தன் கண் கெடக்கூடும் என்ற செய்தியைத் தானே கேட்டு, தானே மொழிபெயர்த்து, தாயின் முகம் மாறுவதைத் தானே பார்த்து நிற்கும் பிள்ளையின் நிலையை எண்ணிப் பாருங்கள். லின்டன்தாலில் பல்கலைக்கழக வைத்தியசாலை உண்டு. அம்ஸ்டர்டாமர் வீதியில் நகரச் சிறுவர் வைத்தியசாலை உண்டு. எங்கு சென்றாலும், வளர்ந்த ஒருவரை, அல்லது பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிச் செல்லும்படி வேண்டுகின்றோம். 1847 இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் பணிபுரிந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மேற்கத்தைய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், நூல்களையும் தமிழாக்கினார். அந்நியர் ஒருவர் அன்று எடுத்த சிரமத்தில் ஒரு பங்கையாவது நாம் எமது பிள்ளைகளுக்காக எடுக்கலாகாதா?

கற்பித்தல் என்றதும் அயல் நகரமான டுசில்டோர்ப்பைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. அங்கே பேராசிரியர் மிக்கேல் பேகரும் அவரது குழுவினரும் 1970களின் இறுதியிலிருந்து ஐந்து நாட் பயிற்சியொன்றை வளர்த்தெடுத்தனர். உணவுக்கு ஏற்ப இன்சுலினைக் கூட்டவும் குறைக்கவும் நோயாளிக்கே கற்றுக்கொடுப்பது அதன் அடிப்படை. பின்னர் பிரித்தானியா அதனை எடுத்துக்கொண்டது. நோயாளி கட்டளைக்குக் கீழ்ப்படிபவர் அல்லர், தன் நோயின் கணக்காளர் என்ற எண்ணம் கொலோனிலிருந்து ஒரு மணி நேரத்துக்கும் குறைந்த தூரத்தில் வளர்ந்ததாயிருக்க, எம்மவர் வீடுகளில் இன்னமும் "அது சாப்பிடாதே, இது தொடாதே" என்பதே ஆட்சி செய்கின்றது.

அடுத்தது ஒளித்தல். "ஆக்களுக்குச் சொல்லாதை, நாளைக்குக் கலியாணம் பேசேக்கை கரைச்சல்" என்ற சொல்லைக் கேளாத பெண்பிள்ளை அரிது. சாமத்தியச் சடங்கு மண்டபத்தில் கழிவறைக்குள் நின்று ஊசி ஏற்றும்படி சொல்லப்பட்டவர்களும் உளர். தனது மருந்து அசிங்கமானது என்று பிள்ளை கற்றுக்கொள்ளும் முதற்பாடம் அதுவே. பிறகு பாடசாலையிலும் ஊசியைத் தவிர்க்கும். உடல் மெலியலாம் என்பதற்காகவே இன்சுலினைக் குறைக்கும் இளம்பெண்கள் உண்டென்று வைத்தியர்கள் எச்சரிக்கின்றனர். ஒளிப்பு நிலவும் வீட்டில் அதனை எவரும் கண்டுபிடிக்க மாட்டார். ஹம்பேர்க்கில் பிறந்த ரென்னிஸ் வீரர் அலெக்சாண்டர் ஸ்வெரேவ், ரஷ்யாவிலிருந்து வந்து குடியேறிய பெற்றோரின் பிள்ளை. சிறுவயதிலேயே முதலாம் வகை நீரிழிவு கண்டவர். ரோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பின்னர், 2022 இல்தான் அதனைப் பகிரங்கமாகச் சொன்னார். 2023 பிரெஞ்சுப் போட்டியில், மைதானத்தில் ஊசி ஏற்றக்கூடாது என்று முதலில் தடுக்கப்பட்டபோது வெளிப்படையாக வாதிட்டார். பின்னர் அனுமதி கிடைத்தது. கிரிக்கெட் பிரியர்கள் வசீம் அக்ரமை நினைக்கலாம். 1997 இல் இந்நோய் கண்டவர், 2003 உலகக்கிண்ணப் போட்டியில் தமது ஐந்நூறாவது ஒருநாள் இலக்கை வீழ்த்தினார்.

பெப்ரவரி வந்தால் கொலோன் நகரமே களியாட்டத்தில் மூழ்கும். ஊர்திகளிலிருந்து 'கமெல்லே' எனப்படும் இனிப்புகள் மழையாகப் பொழியும். நீரிழிவு கண்ட பிள்ளையை அன்று வீட்டுக்குள் பூட்டி வைக்க வேண்டியதில்லை. இனிப்பைச் சேர்க்கட்டும், சிலவற்றைக் கணக்கிட்டு உண்ணட்டும். மிகுதி, சீனி இறங்கும் வேளைக்கு உதவும். மதுவே கவனிக்கத்தக்கது. இரத்தத்தில் சீனி குறையும்போது ஈரல் வழமையாக அதனை விடுவிக்கும். மது உள்ளே இருக்கையில் ஈரல் அவ்வேலையைச் செய்யாது. குடித்துப் பல மணி நேரத்தின் பின், நித்திரையில், அளவு இறங்கும். வெறி என்று எண்ணி எழுப்பாமல் விடுவர். "நீ குடிக்க மாட்டாய்தானே" என்று பெருமையோடு கேட்டு வாயடைப்பதைவிட, குடிக்க நேர்ந்தால் மாச்சத்துள்ள உணவோடு குடி, உடன் வருபவனிடம் நோயைச் சொல்லிவை, படுக்குமுன் அளந்து பார் என்று சொல்லும் தகப்பனே அறிவுடையவர். எமது மானம் இதனால் போய்விடாது. ஹம் காமாட்சி அம்பாள் தேருக்கு நேர்த்தி வைத்துப் பிள்ளையை முழுநாள் உபவாசம் இருத்துவோரும் இதே கவனத்தைக் கொள்ளவேண்டும்; வைத்தியரைக் கேளாமல் எந்த விரதமும் வேண்டாம்.

புகலிடம் கோரி முகாம்களில் இருப்போருக்குத் தனியாக ஒன்று. 1993 இன் புகலிடக் கோரிக்கையாளர் உதவிச் சட்டத்தின் 4 ஆம் பிரிவு, கடும் நோய்க்கும் வலிக்குமான சிகிச்சையைப் பேசுகின்றது. நாட்பட்ட நோய்க்கு இடமில்லை என்று சில அலுவலர் இதனைக் காட்டித் திருப்பி அனுப்புவதுண்டு. அதே சட்டத்தின் 6 ஆம் பிரிவு, உடல்நலத்தைக் காக்க இன்றியமையாதவற்றையும் பிள்ளைகளின் விசேட தேவைகளையும் வழங்கலாம் என்கின்றது. வைத்தியரிடம் தேவையை எழுத்தில் வாங்கி, அப்பிரிவைக் குறிப்பிட்டு, எழுத்திலேயே விண்ணப்பியுங்கள். மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். முழுமையான மருத்துவ உரிமை கிடைப்பதற்கான காத்திருப்பு 2024 இல் 18 மாதங்களிலிருந்து 36 மாதங்களாக நீட்டப்பட்டது. வளரும் பிள்ளைக்கு மூன்றாண்டு என்பது பருவத்தின் பாதி.

ஈற்றில் சமையலறை. ஜேர்மன் வைத்தியசாலைகளில் தரும் உணவு அட்டவணைகளில் பாணும் உருளைக்கிழங்கும் இருக்கும். புட்டும் இடியப்பமும் இரா. எனவே பிள்ளை வீட்டுச் சாப்பாட்டைத் தட்டிக்கழித்து, பெட்டியில் இலக்கம் அச்சிட்ட கடை உணவையே நாடுகின்றது. தாய் மனம் நோகின்றார். இதற்குத் தீர்வு மிக எளிது. இங்கே மாச்சத்தைப் பத்துக் கிராம் கொண்ட அலகுகளாக எண்ணுவர். சோறு நூறு கிராமில் ஏறக்குறைய 28 கிராம் மாச்சத்து. அரிசிமாவில் நூறுக்கு ஏறக்குறைய 80. புட்டுக்கு 250 கிராம் மா எடுத்தால் உள்ளே 200 கிராம் மாச்சத்து, அதாவது இருபது அலகு. அவித்த புட்டு முழுவதையும் தராசில் வையுங்கள். 500 கிராம் இருந்தால், நூறு கிராமுக்கு நான்கு அலகு. தேங்காய்ப்பூவில் உள்ளது சொற்பம். ஒருமுறை அளந்து சுவரில் எழுதி ஒட்டிவிட்டால், அடுத்த நாள் பிள்ளை கணக்குப் பார்க்கச் சிரமமிராது.

இடியப்பம், தோசை, பிட்டரிசிக் கஞ்சி, ஒடியற்கூழ் என்று ஒவ்வொன்றையும் இப்படி அளந்தவர்கள் எத்தனை கிராம் மா, அவித்தபின் எத்தனை கிராம் என்று இப்பக்கத்துக்கு எழுதி அனுப்புங்கள். பெயர் போட விரும்பாதோர் போடவேண்டியதில்லை. வந்தவற்றைத் தொகுத்து, வெட்டி ஒட்டக்கூடிய அட்டவணையாக வெளியிடுவோம்.